சொன்னவர்: மனைவி

அகராதி அலுவலகத்தில் ஒருவருக்கு எந்தச் சொல் வந்து சேரும் என்பது அவரவர் தலையெழுத்து. பக்கத்து மேசைக்காரருக்குப் ‘போர்வை’ வந்தது. காலையில் உட்கார்ந்தார், பகல் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக் கொடுத்தார், மிச்ச நேரத்தில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். எதிர் மேசை அம்மாளுக்குப் ‘போதும்’ வந்தது. ஒன்றரை நாள். நம் ஆளின் தலையில் கட்டியது ‘போடு’. பதினான்கு மாதமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

சின்னச் சொல்தானே என்று யாரும் வாயைத் திறந்துவிட வேண்டாம். சட்டை போடுகிறோம், அதைப் போட்டுக்கொண்டே சண்டை போடுகிறோம். விளக்கைப் போட்டால் எரிகிறது, பூட்டைப் போட்டால் மூடிக்கொள்கிறது. பூனை குட்டி போடும், மேலதிகாரி மெமோ போடுவார். டீ போடலாம், திட்டம் போடலாம், வேஷம் போடலாம், நண்பனை மேலிடத்தில் போட்டுக் கொடுக்கலாம். ஆளையே போட்டுத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு துறை. இதெல்லாம் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் செய்யலாம். அதைத்தான் நம் ஆள் பெரும்பாலும் செய்துகொண்டிருந்தான்.

அவனால் ‘ப’ தொகுதியே நின்றுபோயிருந்தது. ‘போடு’வுக்கு முன்னால் உள்ளதெல்லாம் அச்சுக்குத் தயார், பின்னால் உள்ளதெல்லாம் தயார். நடுவில் இவன் ஒருத்தன், குறுகலான படிக்கட்டில் பீரோவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி.

அலுவலகத்தின் தலைமைப் பதிப்பாசிரியருக்கு முதுகுக்குப் பின்னால் ‘ஆதாரம்’ என்று பெயர். காலை வணக்கம் சொன்னாலும் அதற்கு ஆதாரம் கேட்கக்கூடியவர். அவர் போட்ட சட்டப்படி, ஒரு பொருளுக்கு உதாரண வாக்கியம் எதையும் உட்கார்ந்து இட்டுக்கட்டக் கூடாது. யாராவது நிஜமாகப் பேசியிருக்க வேண்டும், அதைக் காதால் கேட்டு உள்ளங்கை அகலச் சீட்டில் அந்த இடத்திலேயே எழுத வேண்டும். சீட்டில் கட்டங்கள் உண்டு: வாக்கியம், சொன்னவர், யாரிடம், தேதி, தொனி. பெயர் எழுதக் கூடாது, தொழிலோ உறவோ போதும். கேட்டு வாங்கவும் கூடாது. தானாக வாயிலிருந்து வந்து விழ வேண்டும். எதற்காக எழுதுகிறோம் என்று பேசுகிறவருக்குச் சொல்லவே கூடாது, சொன்னால் பேச்சு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்கும் என்பார் ஆதாரம். ஒரு தடவை நம் ஆள் அவசரத்துக்கு ஒரு வாக்கியத்தைச் சொந்தமாகத் தயாரித்துச் சீட்டில் எழுதி நீட்டினான். ஆதாரம் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இத யாரும் பேசலையே,” என்றார். “உங்க மேசை பேசியிருக்கு.”

அன்றிலிருந்து அவன் சட்டைப்பையில் ஒரு கத்தை வெற்றுச் சீட்டும் பேனாவும் நிரந்தரமாகக் குடியேறின. ஆரம்பத்தில் தெருவில் எழுதினான். டீக்கடையில் யாராவது பேசினால் எழுதினான், பேருந்தில் நடத்துநர் கத்தினால் எழுதினான். ஒரே மாதத்தில் தெருவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. பாதிப் பேர் அவனைப் போலீஸ் ஆள் என்று நினைத்தார்கள். காய்கறிக்காரர் எடைக்கல் சோதிக்க வந்தவன் என்று முடிவுகட்டி, இவன் தலையைக் கண்டாலே தராசைத் துணியால் மூடினார். அவன் டீக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்று, டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்க ஆரம்பித்தது.

ஆக, மிஞ்சியது வீடு. வீட்டில் மனைவி.

அவள் தையற்காரி. வாசல் அறையில் இரண்டு தையல் இயந்திரம், ஒரு ஆளுயரக் கண்ணாடி, துணி வெட்டும் மேசை. பகலில் வெட்டும் அந்த மேசையில்தான் ராத்திரிச் சாப்பாடு. எத்தனை தட்டினாலும் நூல் துணுக்கு ஒன்று தட்டில் வந்து விழும், இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது. அவள் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள், ஒரு சொல்கூடத் தவறாது. பட்டன் போட வேண்டும், கொக்கி போட வேண்டும், உள்துணி போட வேண்டும், வெட்டின துண்டை மூலையில் போட வேண்டும். தொழிலே அப்படி. நம் ஆளுக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் பேனாவைத் திறந்தான்.

இங்கேதான் சிக்கல் முளைத்தது. அவன் எழுதுவதை அவள் வேறு மாதிரி புரிந்துகொண்டாள். தான் சொல்லும் வேலைகளை மறக்காமல் இருக்கத்தான் மனுஷன் எழுதிவைத்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் அக்காவுக்கு ஃபோன் போட்டுப் பெருமையும் அடித்துக்கொண்டாள். அக்காவின் வீட்டுக்காரர் கடைக்குப் போனால் எதற்குப் போனோம் என்று அங்கிருந்து கேட்கிறவர். “இவரு நான் சொல்றத வரி விடாம எழுதி வெச்சுக்குறாரு,” என்று இவள் சொன்னபோது அக்கா ஃபோனும் கையுமாகத் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாளாம்.

ஆனால் எழுதிய எதுவும் நடக்கவில்லை. ‘நீல நூல் ரெண்டு கண்டு வாங்கிப் போடுங்க’ என்பாள், எழுதுவான், நூல் வராது. ‘அந்தக் கதவுக்கு எண்ணெய் போடுங்க’ என்பாள், எழுதுவான், கதவு கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அவன் மேல் தப்பு சொல்லவும் முடியாது. சீட்டில் எழுதி, தேதி குறித்து, தொனியும் போட்டுப் பைக்குள் செருகியதும் ஒரு வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட நிம்மதி அவனுக்கு வந்துவிடும். அவனைப் பொறுத்தவரை அந்த வாக்கியத்தில் செய்ய வேண்டியது வேறொன்றும் பாக்கி இல்லை. அவளோ, பாவம், சீட்டை எங்கோ தொலைத்துவிட்டு வருகிறார் என்று எண்ணி, பையில் ஒரு பித்தளைப் பட்டன் தைத்துக் கொடுத்தாள்.

இந்த நேரத்தில் நகராட்சி பேருந்து நிலையத்தை ஒட்டிப் புதிய கடை வரிசை ஒன்று கட்டியது. பன்னிரண்டு கடைகள், அதில் ஒன்று தையற்கடைக்கு. அறிவிப்பு வந்த அன்றே அவள் அதை வெட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஊசி குத்தி வைத்தாள். தனக்கென்று ஒரு கடை, வெட்டும் மேசையில் வெட்டு மட்டும், சாப்பாட்டுத் தட்டில் சாப்பாடு மட்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. விண்ணப்பத்தைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். முன்பு ஒரு தடவை நேரில் வாங்கப்போய், வரிசையில் தள்ளுமுள்ளு ஏற்பட்டு நகராட்சி ஜன்னலே போயிற்றாம். வேலை மாதிரிகளும் வைக்க வேண்டும். ஒரு காலர், ஒரு பை, மூன்று பட்டன் துளை என்று மூன்று நாள் உட்கார்ந்து அவ்வளவு நேர்த்தியாகத் தைத்து ஓர் அட்டையில் பொருத்தினாள். மடங்கிவிடக் கூடாதென்று பின்னால் இன்னொரு தடித்த அட்டையும் வைத்துப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டினாள். தபால் தலையும் அவளே ஒட்டினாள்.

தபால் பெட்டி இருந்தது அகராதி அலுவலகத்தின் வாசலில். நாலாம் தேதி காலை உறையை அவனிடம் கொடுத்து, அன்றைக்கே போட்டுவிடச் சொன்னாள். கடைசி நாள் பதினைந்து. அவன் கேட்டான், தலையாட்டினான், எழுதினான், கிளம்பினான்.

பிறகு நடந்ததை அவள் கோணத்தில் சொன்னால் ஒன்றும் நடக்கவில்லை. அவ்வப்போது கேட்டாள், அவன் ‘ம்’ என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டான், அவளும் நிம்மதியாகத் தைத்தாள். அவன் கோணத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் வினையே.

இருபத்தாறாம் தேதி பிற்பகல், ஆதாரம் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவன் மேசைக்கே வந்துவிட்டார். இன்றைக்கு ‘போடு’வை மூடாமல் எழுந்திருப்பதில்லை என்று வந்திருந்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். பொருள் வாரியாகப் பிரித்து மேசையில் பரப்பினார்கள். அதில் இருநூற்று எண்பத்தேழில் ‘சொன்னவர்: மனைவி’ என்று இருந்தது. ஆதாரம் அதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் பொருளுக்கு வந்தார்கள், ஒன்றை இன்னொன்றுக்குள் விழவிடுவது, இடுவது. அதற்கு ஐந்து நல்ல சீட்டுகள். ஆதாரம் வரிசையாகப் படித்தார்.

“‘இத இன்னைக்கே பெட்டியில போட்டுடுங்க.’ நாலாம் தேதி, தொனி வேண்டுகோள். ‘தபால போட்டுட்டீங்கல்ல?’ ஆறாம் தேதி, தொனி நினைவூட்டல். ‘போட்டாச்சா?’ ஒன்பது. ‘போட்டீங்களா இல்லையா?’ பதினொண்ணு. ‘போட்டிருப்பீங்கன்னு தெரியும், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்குறேன்.’ பதிமூணாம் தேதி. தொனி நம்பிக்கை.”

படித்துவிட்டுச் சீட்டுகளை அடுக்கினார். திருப்தி இல்லை.

“எல்லாம் நல்ல சீட்டுதான். ஆனா எல்லாமே சொல்றதும் கேக்குறதுமா இருக்கே. செஞ்சவங்க தன் வாயால ‘போட்டுட்டேன்’னு சொன்ன சீட்டு ஒண்ணு வேணும். இந்தத் தபாலயே எடுத்துக்குங்க. யாராவது போட்டாங்களா? ஆதாரம் எங்க?”

நம் ஆளின் முகத்தில் ஈயாடவில்லை. சீட்டு எழுதுவதற்கு அடியில் வைத்துக்கொள்ளும் அட்டையை மெல்ல இழுத்தான். வீட்டில் கேட்டு எழுதியதை அலுவலகத்தில் திருத்தமாகப் படியெடுக்கும்போது, மூன்று வாரமாக அதை வைத்துத்தான் எழுதுகிறான். தடிப்பாக, வளையாமல், கைக்கு அடக்கமாக, இப்படி ஒரு எழுத்துப்பலகை அவனுக்கு வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை. திருப்பினான். பழுப்பு உறை. ஓரத்தில் தபால் தலை. நகராட்சி முகவரி, மனைவியின் முத்து முத்தான கையெழுத்தில்.

அன்று மாலைவரை அவன் அலுவலக வராந்தாவில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தான். எதிர் மேசை அம்மாள் அதைப் பார்த்து அப்படியே சொல்லவும் செய்தாள். நல்ல சீட்டு. அவனுக்கு எழுதத் தோன்றவில்லை.

வீட்டில் அவள் இயந்திரத்தில் இருந்தாள். வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. அவன் உறையை வெட்டும் மேசையில் வைத்து, நின்ற இடத்திலேயே நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னான். நல்லவேளை, பொய் சொல்லத் தெரியாத துறையில் இருந்தான். அவள் மிதியை நிறுத்தினாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினாள். உறையைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பேனா அழுத்திய தடங்கள் உறை முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. அவள் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. நூல், கதவு, எண்ணெய், தலைவலிக்குத் தைலம். எல்லாவற்றுக்கும் அடியில், ஆழமாக, இதை இன்றைக்கே பெட்டியில் போட்டுவிடுங்கள் என்பதும்.

“எழுதுனதெல்லாம் செய்றதுக்கு இல்லையா?” என்று கேட்டாள்.

“அகராதிக்கு.”

அவள் அந்தத் தடங்களை விரலால் தடவினாள். கண் கலங்கியது, உடனே துடைத்துக்கொண்டாள்.

“ஒரு வருஷமா நான் பேசுனத எல்லாம் எழுதியிருக்கீங்க. ஒண்ணுகூட உங்க காதுல விழலையே.”

அவள் எழுந்து உறையை அலமாரியில் வைத்தாள். இனி அந்த ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வராது என்று சொல்லிவிட்டு மறுபடி இயந்திரத்தில் உட்கார்ந்தாள்.

சொன்னபடி செய்கிறவள் அவள். மறுநாள் காலை “விளக்கு எரியட்டும்” என்றாள். அவன் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு எழுந்து போனான். “டீ அடுப்புல இருக்கு, தானா கப்புக்கு வராது” என்றாள். சட்டையைக் கையில் கொடுத்து, “உள்ள நுழைஞ்சுக்குங்க” என்றாள். வாடிக்கையாளரிடம் பட்டன் ‘வைத்தாள்’, கொக்கி ‘மாட்டினாள்’. கோபம் தலைக்கேறி வெட்டின துண்டுகளை வாரி எடுத்து, “இதெல்லாம் கொண்டுபோய்க் குப்பையில...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டு, தானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். அந்தச் சொல் இல்லாமல் ஒரு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அகராதிக்காரனுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு சீட்டு பாக்கி என்று ஆதாரம் தினமும் ஞாபகப்படுத்தினார். அவன் வேறு சீட்டுகளை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டான்.

ஆனால் அவள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் குத்திய அறிவிப்பைக் கழற்றி எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். ஒன்பதாவது விதியில் அவள் விரல் நின்றது. ஏதேனும் ஓர் அரசு அலுவலகத்தின் பொறுப்பில் இருந்த காரணத்தால் தாமதமான விண்ணப்பம், அந்த அலுவலகத் தலைவரின் சான்றோடு வந்தால் பரிசீலிக்கப்படும். தபால் துறையை மனத்தில் வைத்து எழுதிய விதியாக இருக்கும். ஆனால் தபால் துறை என்று அதில் இல்லையே. அகராதி அலுவலகத்துக்கும் வாசலில் அரசுப் பலகைதான் தொங்குகிறது.

மறுநாள் உறையோடு நேராக ஆதாரத்தின் அறைக்கே போய் நின்றாள். நம் ஆள் கதவோரம் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். அவள் விஷயத்தைச் சொல்லிச் சான்று கேட்டாள். ஆதாரம் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

“அப்படி எழுதித் தர முடியாதும்மா. இது இங்க இருந்ததுக்கு ஆதாரம் வேணுமே.”

அவள் உறையை வெளிச்சத்துக்குச் சாய்த்து அவர் முன்னால் வைத்தாள். அவர் குனிந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பிறகு, ‘போடு’ சீட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். சாப்பாட்டையும் மறந்து, மாலை நான்கு மணிவரை உறையின் தடங்களையும் சீட்டுகளையும் ஒப்பிட்டார். அறுபத்து மூன்று சீட்டுகள் அச்சாகப் பொருந்தின. பதவிக்கு வந்து இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ஆதாரத்தை அவர் பார்த்ததில்லை. அலுவலகத் தாளில் சான்று எழுதினார்: இந்த உறை நாலாம் தேதி முதல் இருபத்தாறாம் தேதி வரை இவ்வலுவலகத்தில் எழுத்துப்பலகையாகப் பணியாற்றியது. ‘பணியாற்றியது’ என்ற சொல்லை அவர் யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும், அதற்கு முன் இரண்டு சொற்களை அடித்திருந்தார்.

சான்றைப் பற்றி அவள் சொன்னதும், முப்பதாம் தேதி விசாரணைக்குச் சீட்டுகளோடு வரச் சொன்னது நகராட்சி. சீட்டுகள் அலுவலகச் சொத்து, வெளியே தனியாக அனுப்ப முடியாது. அதனால் ஆதாரமே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர்களோடு பேருந்தில் வந்தார். ஜன்னலோர இருக்கை வேண்டாம், காற்றில் பறந்துவிடும் என்றார்.

ஒதுக்கீட்டு அதிகாரி கனத்த மீசையும் மெல்லிய குரலும் கொண்டவர். சான்றைப் படித்தார், ஆதாரத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். முதல் சீட்டைக் கடமைக்காகப் படித்தவர், பத்தாவது சீட்டில் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

“‘வெயில்ல போறீங்க, தொப்பியாவது போட்டுக்குங்க.’ ‘எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு, இன்னைக்கு நீங்க டீ போடுங்களேன்.’ ‘அந்த பேனாவக் கீழ போட்டுட்டு என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க.’”

நம் ஆள் தரையில் பதித்த கல்லின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். அலுவலகத்தில் எத்தனையோ தடவை அடுக்கிப் பிரித்த சீட்டுகள்தான். இன்னொருவர் வாயில் கேட்கும்போதுதான் அது அவள் பேச்சு என்பதே அவனுக்கு உறைத்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தது எந்த மாதம் என்று யோசித்துப் பார்த்தான். சீட்டில் தேதி இருக்கும். அவனுக்கு ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது.

அதிகாரி சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே வெறுமையாக இருந்தது.

“இதுக்கெல்லாம் இவரு என்ன பதில் சொன்னாரு?”

“பதில் எழுத அதுல கட்டம் இல்லைங்க,” என்றாள் அவள்.

அதிகாரி சீட்டுகளைப் பத்திரமாக அடுக்கிப் பெட்டியில் வைத்தார். ஒன்பதாவது விதிப்படி விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வதாகக் கோப்பில் எழுதினார். அவள் உறையை நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். நேரில் வாங்க முடியாதாம், விதி மூன்று. தபாலில்தான் வர வேண்டும், இன்று மாலைத் தபாலுக்குள் சேர வேண்டும். ஆதாரம் அவரை மரியாதையோடு பார்த்தார். தன்னைப் போலவே இன்னொருவர் இந்த ஊரில் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

நகராட்சி வாசலிலேயே தபால் பெட்டி இருந்தது. சிவப்புச் சாயம் உரிந்து, வாய் கொஞ்சம் கோணிப்போன பெட்டி. மணி மூன்றரை. அவள் அதன் பக்கத்தில் போய் நின்றாள். தானே போட்டிருக்கலாம், இரண்டடி தூரம்தான். போடவில்லை. உறையை அவன் முன்னால் நீட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

அவன் வாங்கிக்கொண்டான். பழக்க தோஷம், வலக்கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பாதியில் அவனே அதைப் பிடித்து இறக்கினான். உறையைப் பெட்டியின் வாயில் நுழைத்தான். அட்டை தடித்தது, கோணல் வாயில் சிக்கிக்கொண்டது. சாய்த்து, நிமிர்த்தி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே தொப்பென்று விழுந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. ஆனாலும் அவன் விரல்களை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“போட்டுட்டேன்,” என்றான்.

பின்னால் சீட்டுப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஆதாரம் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்துவிட்டிருந்தார். பதினான்கு மாதம் காத்த சீட்டல்லவா. அவர் பேனாவைத் தேடுவதற்குள் அவள் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். கணவனின் பையிலிருந்து பேனாவை உருவினாள். தபால் பெட்டியின் தலையில் வைத்து, கட்டம் கட்டமாக, தன் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பினாள். வாக்கியம். சொன்னவர்: கணவர். யாரிடம்: மனைவி. தேதி. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடினாள்.

“தொனி எழுதலையேம்மா,” என்றார் ஆதாரம். “தொனி இல்லாம சீட்டு செல்லாது.”

“அத அப்புறம் எழுதித் தரேன் சார். மொதல்ல தபால் போய்ச் சேரட்டும்.”

ஆதாரம் தலையாட்டி, சீட்டை அவளிடமே விட்டுவைத்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்ததும் அதைத்தானே. ‘ப’ தொகுதி அந்த ஒரு கட்டத்துக்காக மேலும் ஐந்து நாள் நின்றது. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆறாம் நாள் காலை நகராட்சியிலிருந்து ஒப்புகை அட்டை வந்தது. விண்ணப்பம் கிடைத்தது, வேலை மாதிரிகள் திருப்தி, பத்தாம் தேதி கடையைப் பார்வையிட வரவும். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஊசி குத்திக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதி அவனிடம் கொடுத்தாள். ‘உண்மை’ என்று இருந்தது. பிறகு இயந்திரத்தில் உட்கார்ந்து, குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.

“என்ன புழுக்கம். அந்த ஃபேனப் போடுங்க.”

அவன் எழுந்து போய்ப் போட்டான். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், பத்து நாளுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. பையில் சீட்டும் இருந்தது, பேனாவும் இருந்தது. அவன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனான்.